கன்சோல் கண்ட்ரோலரைக் கணினியில் பயன்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் பிளேஸ்டேஷனோ, எக்ஸ்பாக்ஸோ, நின்டெண்டோ ஸ்விட்சோ இருந்தால் அதன் கண்ட்ரோலரைக் கணினியிலும் பயன்படுத்தலாம். அதற்கென்று இன்னொன்று வாங்க வேண்டியதில்லை. ஏதாவது சிக்கல் வந்ததும் பலர் இணையத்தில் கண்ணில் படும் மென்பொருளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக இன்ஸ்டால் செய்துவிடுகிறார்கள். பாதித் தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 கணினிகளுக்கு. லினக்ஸுக்கும் மேக்குக்கும் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது.

எந்தத் தொல்லையும் இல்லாமல் உடனே வேலை செய்யும் கண்ட்ரோலர் எது?

எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர். விண்டோஸும் எக்ஸ்பாக்ஸும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்புகள் என்பதால் டிரைவர், அதாவது சாதனத்தோடு பேச உதவும் மென்பொருள், விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. கேபிளைச் செருகுங்கள், சில நொடி பொறுங்கள், விளையாடுங்கள்.

பிளேஸ்டேஷன் கண்ட்ரோலரைச் செருகினால் விண்டோஸ் காட்டுகிறது. கேமுக்குள் போனால் ஒரு பட்டனும் வேலை செய்யவில்லையே?

இந்தப் பக்கத்தின் முக்கியமான கேள்வி இதுதான். இதற்கான பதில் புரிந்துவிட்டால் மற்றதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

கண்ட்ரோலரின் பேச்சை கேமிடம் கொண்டுபோக விண்டோஸில் முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. பழையது டைரக்ட்இன்புட். 1990களில் வந்தது. ஜாய்ஸ்டிக், ஸ்டியரிங், பெடல் என்று எதைச் செருகினாலும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் கேமிடம் அது சொல்வதெல்லாம் ‘பட்டன் 1 அழுத்தப்பட்டது, பட்டன் 2 அழுத்தப்பட்டது’ என்பது மட்டுமே. அந்தப் பட்டன் 1 கையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு கேமிலும் எந்தப் பட்டன் எதற்கு என்று நாமே உட்கார்ந்து ஒதுக்க வேண்டியிருந்தது.

2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 வெளியானபோது மைக்ரோசாஃப்ட் எக்ஸ்இன்புட் என்ற இன்னொரு வழியைக் கொண்டுவந்தது. எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரின் வடிவமே அதன் இலக்கணம்: இரண்டு ஸ்டிக், இரண்டு டிரிகர், ஒரு டி-பேட், ஏ, பி, எக்ஸ், ஒய், மேலே இரண்டு பம்பர், அதிர்வுக்கு இரண்டு மோட்டார். எல்லாமே முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டதால் கேம் எழுதுபவர்களுக்குப் பெரிய நிம்மதி. அதன் பிறகு வந்த ஏராளமான கேம்கள் எக்ஸ்இன்புட்டுக்கு மட்டுமே காது கொடுக்கின்றன.

பிஎஸ்4இன் கண்ட்ரோலரான டூயல்ஷாக் 4, பிஎஸ்5இன் கண்ட்ரோலரான டூயல்சென்ஸ் இரண்டும் விண்டோஸுக்குள் பழைய வழியில்தான் வருகின்றன. ஆகவே விண்டோஸுக்கு அவை தெரிகின்றன, கேமுக்குத் தெரிவதில்லை. கண்ட்ரோலரில் கோளாறு இல்லை, கேபிளிலும் இல்லை. நடுவே நின்று பேச ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒருவர் மட்டும் இருக்க வேண்டும் என்பதையும் இப்போதே மனதில் வையுங்கள்.

அந்த மொழிபெயர்ப்பாளராக எதை வைப்பது?

உங்கள் கேம்கள் ஸ்டீமில் (கணினி கேம்களை விற்று, இயக்கவும் செய்யும் செயலி) இருந்தால் ஸ்டீமையே வையுங்கள். வேறெதுவும் தேவையில்லை. ஸ்டீம் இன்புட் என்ற வசதி 2016 டிசம்பரில் டூயல்ஷாக் 4ஐயும், 2018 மே மாதம் ஸ்விட்ச் ப்ரோ கண்ட்ரோலரையும் ஏற்றுக்கொண்டது. டூயல்சென்ஸும் அதில் உண்டு. ஸ்டீமின் செட்டிங்ஸில் ‘கண்ட்ரோலர்’ என்ற பகுதியைத் திறந்தால் உங்களுடைய கண்ட்ரோலரின் பெயர் தெரியும். அதற்குக் கீழே அந்த வகைக்கான ஸ்டீம் இன்புட்டை இயக்கிவிடுங்கள். கேம் எக்ஸ்இன்புட்டை மட்டும் கேட்டாலும், ஸ்டீம் அதன்முன் ஒரு எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரைப் போலப் போய் நிற்கும்.

ஒரு குறிப்பிட்ட கேமுக்கு மட்டும் இதை நிறுத்தவும் முடியும். லைப்ரரியில் கேமின் பெயர்மீது வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், கண்ட்ரோலர். இந்த இடம் பின்னால் தேவைப்படும்.

ஸ்டீமில் வாங்காத கேம்களுக்கு என்ன செய்வது?

பெரும்பாலானவற்றை ஸ்டீம் லைப்ரரிக்குள் சேர்க்கலாம். ‘ஸ்டீம் அல்லாத கேமைச் சேர்’ என்ற வசதியில் கேமின் கோப்பைக் காட்டினால் போதும். கேமைத் திறந்துவிடும் சிறு நிரலான லாஞ்சரைச் சேர்ப்பதைவிட கேமையே நேரடியாகச் சேர்ப்பது நல்லது. லாஞ்சர் தன் வேலையை முடித்துவிட்டு வேறொரு நிரலைத் திறந்தால் ஸ்டீம் அதைப் பின்தொடர முடியாமல் போகும். கண்ட்ரோலர் முதல் திரையில் வேலை செய்து, ஆட்டம் தொடங்கியதும் செத்துவிடும்.

மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாக வரும் கேம்களுக்கு, குறிப்பாக கேம் பாஸ் சந்தா வைத்திருப்பவர்களுக்கு, இந்த வழி அநேகமாக ஒத்துவராது. அங்கே பிளேஸ்டேஷன் கண்ட்ரோலருக்கு டிஎஸ்4விண்டோஸ் என்ற இலவச மென்பொருளை வைத்துக்கொள்ளுங்கள். அது விஜெம்பஸ் என்ற டிரைவரின் துணையோடு, கற்பனையான எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர் ஒன்றை விண்டோஸுக்குள் உருவாக்கும். விஜெம்பஸின் வளர்ச்சிப் பணி 2023இல் நிறுத்தப்பட்டது. ஆனாலும் இன்றும் வேலை செய்கிறது.

ஒருமுறை அழுத்தினால் இரண்டு முறை அழுத்தியதாக ஆகிறது. மெனுவில் ஒரு வரி இறங்கச் சொன்னால் இரண்டு வரி தாவுகிறது.

இரட்டை உள்ளீடு என்பது இதுதான். ஒரே பேச்சை இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் சொல்கிறார்கள், அல்லது மொழிபெயர்ப்பாளர் சொல்வதையும் மூலத்தையும் சேர்த்து கேம் கேட்கிறது.

முதலாவது சூழல்: டிஎஸ்4விண்டோஸ் பின்னணியில் ஓடுகிறது, ஸ்டீம் இன்புட்டும் இயங்குகிறது. ஒன்றை முழுமையாக மூடுங்கள். சிறிதாக்கினால் போதாது, டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் ஐகான் நிற்கிறதா என்று பார்த்து அங்கிருந்தும் வெளியேறுங்கள்.

இரண்டாவது சூழல்: மொழிபெயர்ப்பாளர் ஒன்றுதான் இருக்கிறது, ஆனால் டூயல்சென்ஸைத் தானாகவே புரிந்துகொள்ளும் கேமை விளையாடுகிறீர்கள். அது அசல் கண்ட்ரோலரையும் கற்பனைக் கண்ட்ரோலரையும் சேர்த்தே பார்க்கிறது. ஹிட்ஹைட் என்ற சிறு மென்பொருள் அசல் கண்ட்ரோலரை மற்ற நிரல்களின் கண்ணுக்கு மறைத்து, டிஎஸ்4விண்டோஸுக்கு மட்டும் காட்டும். ஆனால் கேமுக்கே டூயல்சென்ஸ் தெரியும் என்றால் மொழிபெயர்ப்பாளரை நிறுத்திவிடுவதுதான் சிறந்தது. மறைப்பதற்கு ஒரு மென்பொருள், மாற்றுவதற்கு ஒன்று, அவற்றுக்கு ஒரு டிரைவர் என்று அடுக்கிக்கொண்டே போனால், ஆறு மாதம் கழித்து ஏதாவது அப்டேட் வந்து கெடுக்கும்போது எங்கே தேடுவது என்று தெரியாது.

கேபிளைச் செருகினால் சார்ஜ் மட்டும் ஏறுகிறது. கணினிக்குக் கண்ட்ரோலரே தெரியவில்லை.

கேபிளைச் சந்தேகப்படுங்கள். மலிவான சார்ஜிங் கேபிள்கள் பலவற்றில் மின்சாரத்துக்கான கம்பிகள் மட்டும் இருக்கும், தகவலுக்கான கம்பிகள் இருக்காது. அதே கேபிளில் போனைக் கணினியோடு இணைத்துப் பாருங்கள். போனுக்குள் இருக்கும் படங்கள் கணினியில் தெரிந்தால் கேபிள் சரி. டூயல்ஷாக் 4க்கு மைக்ரோ யுஎஸ்பி, டூயல்சென்ஸுக்கும் 2020க்குப் பிந்தைய எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலருக்கும் டைப்-சி.

ஒரு விதிவிலக்கு எக்ஸ்பாக்ஸ் 360 வயர்லெஸ் கண்ட்ரோலர். அதன் சார்ஜிங் கேபிளில் எப்படிச் செருகினாலும் தகவல் போகாது. அது வடிவமைக்கப்பட்டதே அப்படித்தான். அதற்கென்று இருக்கும் வயர்லெஸ் ரிசீவர் வேண்டும்.

ப்ளூடூத்தில் எப்படி இணைப்பது?

விண்டோஸ் செட்டிங்ஸில் ப்ளூடூத் பகுதியைத் திறந்து ‘சாதனத்தைச் சேர்’ என்பதைக் கொடுத்துவிட்டு, கண்ட்ரோலரைத் தேடும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். டூயல்ஷாக் 4 என்றால் ஷேர் பட்டனையும் பிஎஸ் பட்டனையும் சேர்த்து, விளக்கு இரட்டை இரட்டையாக மின்னும் வரை அழுத்திப் பிடியுங்கள். டூயல்சென்ஸில் ஷேருக்குப் பதில் கிரியேட். எக்ஸ்பாக்ஸிலும் ஸ்விட்ச் ப்ரோவிலும் மேல் விளிம்பில், கேபிள் செருகும் இடத்துக்குப் பக்கத்தில், இணைப்பதற்கென்றே ஒரு சிறு பட்டன் இருக்கும்.

டூயல்ஷாக் 4 அந்தப் பட்டியலில் வெறும் ‘வயர்லெஸ் கண்ட்ரோலர்’ என்ற பெயரில் வரும். வேறு ஏதோ சாதனம் என்று நினைத்துக் கடந்துவிட வேண்டாம்.

என் எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர் ப்ளூடூத் தேடலில் வரவே இல்லை.

எல்லா எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரிலும் ப்ளூடூத் கிடையாது. 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னோடு வந்ததிலும் 2015இல் ஹெட்போன் துளையோடு வந்ததிலும் இல்லை. 2016இல் ஒன் எஸ்ஸோடு வந்ததிலிருந்துதான் இருக்கிறது. எழுத்தைத் தேட வேண்டாம், கண்ணாலேயே சொல்லிவிடலாம்: எக்ஸ்பாக்ஸ் பட்டனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைப் பாருங்கள். அது மேல் விளிம்பிலிருந்து இறங்கிவரும் தனித்துண்டாக இருந்தால் ப்ளூடூத் இல்லை. முகப்புப் பிளாஸ்டிக்கோடு ஒரே துண்டாக இருந்தால் உண்டு. பேட்டரியைக் கழற்றினால் மாடல் எண்ணும் தெரியும்: 1537, 1697 இரண்டிலும் இல்லை, 1708, 1914 இரண்டிலும் உண்டு.

ப்ளூடூத் இல்லாததற்கு எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் அடாப்டர் இருக்கிறது. ப்ளூடூத் இருப்பவர்களுக்கும் அது நல்லதுதான். கண்ட்ரோலரில் ஹெட்போன் செருகினால் அதில் ஒலி வரும். ப்ளூடூத் வழியில் வராது.

வயர்லெஸ்ஸில் விளையாடும்போது பட்டன் தாமதமாகப் பதிகிறது, சில நேரம் துண்டித்துப் போகிறது.

ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. யுஎஸ்பி 3 போர்ட்டுகளும் அவற்றில் செருகிய ஹார்ட் டிஸ்க்குகளும் அதே பகுதியில் மின்னிரைச்சலை உண்டாக்கும். கணினியின் பின்பக்கம், யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்குக்கு ஒட்டினாற்போல் ப்ளூடூத் டாங்கிளை (யுஎஸ்பியில் செருகும் சிறு ப்ளூடூத் கருவி) செருகியிருந்தால், கேபினெட்டின் இரும்பு ஒரு பக்கம் மறைக்கிறது, ஹார்ட் டிஸ்க் இன்னொரு பக்கம் இரைகிறது. ஒரு சாதாரண யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் டாங்கிளை மேஜைமேல் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். புது டாங்கிள் வாங்குவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியது இதுதான்.

இன்னொன்று: விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ப்ளூடூத் ரேடியோவைத்தான் சரியாகக் கையாளும். லேப்டாப்பிலேயே ப்ளூடூத் இருக்க, வெளியே டாங்கிளும் செருகினால், உள்ளே இருப்பதை டிவைஸ் மேனேஜரில் முடக்கிவிடுங்கள்.

சண்டை கேம்களை மும்முரமாக ஆடுபவர்கள் கேபிளிலேயே ஆடுங்கள். அங்கே ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்குக்கும் விலை இருக்கிறது.

டூயல்சென்ஸைக் கேபிளில் செருகியதும் ஸ்பீக்கரில் சத்தம் நின்றுபோனது. ஸ்பீக்கர் போய்விட்டதா?

போகவில்லை. கேபிளில் இணைத்த டூயல்சென்ஸ் விண்டோஸுக்கு ஒரு கண்ட்ரோலராகவும் ஒரு ஒலிச் சாதனமாகவும் தெரியும். புது ஒலிச் சாதனம் வந்துவிட்டது என்று விண்டோஸ் சத்தத்தையெல்லாம் அதற்கு அனுப்பிவிடுகிறது. டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் ஐகானைத் தட்டி, பழைய ஸ்பீக்கரைத் திரும்பத் தேர்ந்தெடுங்கள்.

எரிச்சலில் அந்த ஒலிச் சாதனத்தையே முடக்கிவிடாதீர்கள். டூயல்சென்ஸின் நுண்ணிய அதிர்வுகள் ஒலி வடிவில்தான் போகின்றன: அந்தச் சாதனத்தில் நான்கு சேனல்கள், முதல் இரண்டு சத்தத்துக்கு, அடுத்த இரண்டு இடது வலது அதிர்வுகளுக்கு. முடக்கினால் அதுவும் போய்விடும்.

டிரிகர் இறுகுவது, மணலில் நடப்பது கையில் தெரிவது, இதெல்லாம் கணினியிலும் கிடைக்குமா?

கேம் அதற்கென்று எழுதப்பட்டிருந்தால் கிடைக்கும். மெட்ரோ எக்ஸோடஸின் 2021 பதிப்பு, ஸ்பைடர்மேன் ரீமாஸ்டர்ட், ரிட்டர்னல் போன்றவற்றில் உண்டு. பெரும்பாலான கேம்களில் கேபிளில் இணைத்திருக்க வேண்டும். ப்ளூடூத்தில் சாதாரண அதிர்வு மட்டுமே வரும். சிலவற்றில் அந்தக் கேமுக்கு மட்டும் ஸ்டீம் இன்புட்டை நிறுத்த வேண்டும். காரணம் தெளிவு: எக்ஸ்இன்புட்டின் இலக்கணத்தில் இரண்டு மோட்டார்தான் உண்டு. இறுகும் டிரிகருக்கு அதில் சொல்லே இல்லை. மொழிபெயர்ப்பாளர் விலகினால்தான் கேம் டூயல்சென்ஸோடு நேரடியாகப் பேச முடியும்.

விண்டோஸின் சோதனைத் திரையில் எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரின் இரண்டு டிரிகரையும் ஒன்றாக அழுத்தினால் எதுவும் அசையவில்லை. பழுதா?

பழுது இல்லை. இதை நம்பி நல்ல கண்ட்ரோலரைக் கடைக்குத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி, joy.cpl என்று தட்டினால் ‘கேம் கண்ட்ரோலர்ஸ்’ என்ற பழைய பெட்டி திறக்கும். பிராப்பர்ட்டீஸுக்குள் ஒரு சதுரம், அதற்குள் ஒரு கூட்டல் குறி, பக்கத்தில் சில பட்டைகள், கீழே எண்ணிட்ட சிவப்பு வட்டங்கள். இடது ஸ்டிக்கை அசைத்தால் கூட்டல் குறி அசையும், பட்டனை அழுத்தினால் வட்டம் ஒளிரும். டிரிகர்களுக்கு மட்டும் ஒரே ஒரு பட்டை. எதுவும் அழுத்தாதபோது அது பாதியில் நிற்கும். ஒரு டிரிகரை அழுத்தினால் ஒரு பக்கம் போகும், மற்றதை அழுத்தினால் எதிர்ப்பக்கம் போகும். இரண்டையும் முழுதாக அழுத்தினால் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறுபடி பாதிக்கே வந்து நின்றுவிடும்.

அந்தப் பெட்டி டைரக்ட்இன்புட் வழியாகப் பார்க்கிறது. அந்த வழியில் எக்ஸ்பாக்ஸின் இரண்டு டிரிகரும் ஒரே அச்சில் வரும்படி மைக்ரோசாஃப்டே வைத்திருக்கிறது. எக்ஸ்இன்புட்டில் அவை தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை அளவு உண்டு. கார் ரேஸில் ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் ஒரே நேரத்தில் மிதிக்க முடிவது அதனால்தான். டிரிகரைச் சோதிக்க வேண்டுமென்றால் எக்ஸ்பாக்ஸ் அக்சஸரீஸ் செயலியிலோ, ஸ்டீமின் கண்ட்ரோலர் சோதனையிலோ சோதியுங்கள்.

ஸ்டிக்கைத் தொடாமலே கதாபாத்திரம் நடக்கிறது. சரிசெய்ய முடியுமா?

இது ட்ரிஃப்ட். பெரும்பாலான கண்ட்ரோலர்களில் ஸ்டிக்கின் கோணத்தை அளப்பது பொட்டென்ஷியோமீட்டர், அதாவது ஒரு கரிப்பூச்சின்மேல் உராய்ந்து நகரும் தொடுமுனை. உராயும் எதுவும் தேயும். தேய்ந்தபின் ஸ்டிக் நடுவில் நின்றாலும் அளவு நடுவைக் காட்டாது.

முதல் மருந்து டெட்சோன்: நடுவைச் சுற்றி ஒரு சிறு வட்டத்துக்குள் வரும் அசைவை கண்டுகொள்ளாதே என்று சொல்வது. ஸ்டீமிலும் டிஎஸ்4விண்டோஸிலும் பல கேம்களுக்குள்ளேயும் இதை மாற்றலாம். ட்ரிஃப்ட் நிற்கும் அளவுக்குச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள், அதற்குமேல் வேண்டாம். எக்ஸ்இன்புட்டோடு மைக்ரோசாஃப்ட் கொடுத்த பரிந்துரை அளவு, மொத்தம் 32767இல் இடது ஸ்டிக்குக்கு 7849, வலதுக்கு 8689. ஏறக்குறைய கால்வாசி! அதை அப்படியே எடுத்துக்கொண்ட கேம்களில் மெதுவாகக் குறிவைக்க முயன்றால் முதலில் எதுவும் நகராது, பிறகு திடீரென்று நகரும். நல்ல நிலையில் இருக்கும் கண்ட்ரோலருக்கு அவ்வளவு தேவையே இல்லை.

மென்பொருள் தேய்மானத்தை மறைக்கும், மாற்றாது. அதிகமாகிவிட்டால் ஸ்டிக் பகுதியைக் கழற்றிப் புதிதாக வைக்க வேண்டியதுதான். சாலிடரிங் வேலை என்பதால் பழக்கமுள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள். காந்தத்தால் அளக்கும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் வைத்த கண்ட்ரோலர்களும் இப்போது நிறைய வருகின்றன; அவற்றில் உராயும் கரிப்பூச்சு இல்லை. அடுத்த முறை வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

‘எக்ஸ்’ அழுத்து என்று திரையில் வருகிறது. அழுத்தினால் வேறேதோ நடக்கிறது.

எக்ஸ்பாக்ஸில் எக்ஸ் இடப்பக்கம், நின்டெண்டோவில் எக்ஸ் மேலே, பிளேஸ்டேஷனில் குறுக்குக் குறி கீழே. உங்களுடைய கண்ட்ரோலரை எக்ஸ்பாக்ஸாகவே கேம் நினைத்துக்கொண்டிருக்கிறது, ஆகவே அது சொல்வது இடப்பக்கப் பட்டனை. எல்டன் ரிங் போன்ற கேம்கள் கணினியில் எக்ஸ்பாக்ஸ் குறிகளை மட்டுமே காட்டுகின்றன. இடத்தை வைத்துப் பழகிக்கொண்டால் ஒரு வாரத்தில் கை தானாகவே போகும்.

நின்டெண்டோ கண்ட்ரோலரில் ஏ-பி, எக்ஸ்-ஒய் இரண்டு ஜோடியும் இடம் மாறி இருக்கும். எழுத்தின்படி வேண்டுமா, இடத்தின்படி வேண்டுமா என்று தேர்ந்தெடுக்க ஸ்டீமில் ஒரு சுவிட்ச் இருக்கிறது.

ஸ்விட்ச் ப்ரோ கண்ட்ரோலரில் வேறு குறை உண்டா?

அதன் பின்புற இசட்எல், இசட்ஆர் இரண்டும் வெறும் பட்டன்கள்தான். பாதி அழுத்துவது என்பதே கிடையாது. ஓடுவது, சுடுவது, குதிப்பது எதற்கும் இது தடையில்லை. கார் கேமில் மட்டும் ஒன்று முழு வேகம், அல்லது ஒன்றுமில்லை. ஸ்விட்சோடு வரும் ஜோடிக் கண்ட்ரோலர்களான ஜாய்கான்களும் 2022 முதல் ஸ்டீமில் வேலை செய்கின்றன. இரண்டையும் தனித்தனியாக ப்ளூடூத்தில் இணைக்க வேண்டும்.

பழைய பிஎஸ்2, பிஎஸ்3 கண்ட்ரோலர்கள் அலமாரியில் இருக்கின்றன. பயன்படுமா?

பிஎஸ்2 கண்ட்ரோலருக்கு யுஎஸ்பி கன்வெர்ட்டர் வேண்டும். சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடங்களில் இன்றும் கிடைக்கும். அது டைரக்ட்இன்புட் சாதனமாகத்தான் தெரியும் என்பதால் மேலே சொன்ன மொழிபெயர்ப்பு இதற்கும் தேவை. பிசிஎஸ்எக்ஸ்2, பிபிஎஸ்எஸ்பிபி போன்ற எமுலேட்டர்களில் (பழைய கன்சோலைக் கணினியில் போலச்செய்யும் மென்பொருள்கள்) நேரடியாகவே பட்டன்களை ஒதுக்கிக்கொள்ளலாம்.

பிஎஸ்3யின் டூயல்ஷாக் 3 கொஞ்சம் முரண்டு பிடிக்கும். மற்றவற்றைப் போல ப்ளூடூத் தேடலில் அது வராது. எந்தக் கருவியோடு பேச வேண்டும் என்ற முகவரியைக் கேபிள் வழியாக அதற்குள் எழுதிவைக்க வேண்டும். டிஎஸ்ஹிட்மினி என்ற டிரைவர் இந்த வேலையைச் செய்கிறது. சந்தையில் போலி டூயல்ஷாக் 3கள் ஏராளம். போலியில் இது சொதப்பினால் டிரைவரைக் குறை சொல்ல முடியாது.

ஜைரோ என்கிறார்களே, அதனால் என்ன பயன்?

துப்பாக்கி கேம்களைக் கண்ட்ரோலரில் ஆடுபவர்கள் அவசியம் ஒருமுறை முயன்று பார்க்க வேண்டியது இது. டூயல்ஷாக் 4, டூயல்சென்ஸ், ஸ்விட்ச் ப்ரோ மூன்றிலும் கண்ட்ரோலர் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் உணரி உண்டு. எக்ஸ்பாக்ஸில் இல்லை. எக்ஸ்இன்புட்டுக்கு இதைப் பற்றி எதுவும் தெரியாது, ஆனால் ஸ்டீம் இன்புட் இதை மவுஸ் அசைவாக மாற்றித் தரும்.

இப்படி வையுங்கள்: கேமின் கண்ட்ரோலர் அமைப்பில் ஜைரோவை ‘மவுஸ்’ என்று மாற்றி, எல்2 அழுத்தியிருக்கும்போது மட்டும் இயங்கச் சொல்லுங்கள். குறிவைக்காத நேரத்தில் கை அசைந்தால் திரை ஆடாது. பெரிய திருப்பங்களை வலது ஸ்டிக் பார்த்துக்கொள்ளும். எதிரியின் தலைக்கு அருகே வந்தபின் மிச்சமிருக்கும் கொஞ்ச தூரத்தை மணிக்கட்டின் சிறு அசைவு முடித்துவைக்கும். தொடக்கத்தில் வேகத்தைக் குறைவாக வையுங்கள். சில கேம்கள் கண்ட்ரோலரும் மவுஸும் ஒரே நேரத்தில் வந்தால் திரைக்குறிகளை மாற்றி மாற்றிக் காட்டிக் குழம்பும். அங்கே ஜைரோவை வலது ஸ்டிக்காக மாற்றிப் பாருங்கள். துல்லியம் கொஞ்சம் குறையும்.

ஸ்டிக்கால் குறிவைப்பது கட்டைவிரல் எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று சொல்வது. ஜைரோ எந்த இடம் என்றே சொல்லிவிடுகிறது. இந்த வித்தியாசம் பழகியவர்கள் திரும்பிப் போவதில்லை.

கண்ட்ரோலரே ஏற்காத கேம்களை ஆட முடியுமா?

ஸ்டீம் இன்புட்டாலோ ஆண்டிமைக்ரோஎக்ஸ் போன்ற இலவச மென்பொருளாலோ பட்டன்களைக் கீபோர்டு விசைகளாக மாற்றலாம். பழைய ஒற்றை ஆட்டக்காரர் கேம்களுக்கு நன்றாகவே ஒத்துவரும். ஆன்லைன் போட்டிக் கேம்களில் மட்டும் முதலில் விதிகளைப் படியுங்கள். வேலரன்ட்டின் கணினிப் பதிப்பில் கண்ட்ரோலருக்கு இடமில்லை, குறுக்குவழி தேடி அக்கவுண்ட்டை இழக்க வேண்டாம்.

நாலு பேர் சேர்ந்து ஆடலாமா?

ஆடலாம். எக்ஸ்இன்புட்டின் எல்லையே நான்கு கண்ட்ரோலர்கள்தான். வயர்லெஸ் அடாப்டர் எட்டு வரை ஏற்றாலும் எக்ஸ்இன்புட் கேமுக்குத் தெரிவது நான்கு. யார் முதல் ஆட்டக்காரர் என்பது பெரும்பாலும் இணைத்த வரிசையைப் பொறுத்தது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வேண்டிய வரிசையில் ஒவ்வொன்றாக ஆன் செய்யுங்கள்.

கையில் அசைவு குறைந்தவர்களுக்கு ஏதாவது வழி உண்டா?

உண்டு. இதை அதிகம் பேர் தெரிந்துகொள்ள வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2018இல் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலர் விண்டோஸிலும் வேலை செய்கிறது. அதன் பின்பக்கம் 3.5 மிமீ துளைகள் வரிசையாக இருக்கும், மொத்தம் 19. ஒவ்வொரு துளையும் ஒரு பட்டன். காலால் மிதிக்கும் சுவிட்ச், முழங்கையால் அழுத்தும் பெரிய பட்டன், தலைக்குப் பின்னால் வைக்கும் சுவிட்ச் என்று அவரவர் உடம்புக்கு எது வசதியோ அதைச் செருகிக்கொள்ளலாம். சோனியின் அக்சஸ் கண்ட்ரோலர் 2023இல் வந்தது.

புதிதாக எதுவும் வாங்க முடியாவிட்டாலும் இரண்டு சாதாரண எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர்களை ஒன்றாகவே கேமுக்குக் காட்டும் கோபைலட் வசதி எக்ஸ்பாக்ஸ் கன்சோலில் இருக்கிறது. ஒருவர் ஸ்டிக்கை அசைக்க, பக்கத்தில் இருப்பவர் டிரிகரை அழுத்தலாம். குழந்தைக்குச் சொல்லித்தரும் பெற்றோருக்கும் இது உதவும். ஒற்றைக் கையால் ஆடுபவர்கள் ஸ்டீம் இன்புட்டில் ஒவ்வொரு பட்டனையும் விரும்பிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அழுத்திப் பிடிக்க வேண்டியதை ஒருமுறை தட்டினால் போதும் என்றும் ஆக்கலாம்.

லினக்ஸிலும் மேக்கிலும்?

லினக்ஸில் பல விஷயங்கள் விண்டோஸைவிட எளிது. எக்ஸ்பாக்ஸுக்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. சோனி எழுதிய பிளேஸ்டேஷன் டிரைவர் 2021இல் 5.12 பதிப்போடும், நின்டெண்டோவுக்கானது 5.16 பதிப்போடும் கெர்னலுக்குள் வந்தன. எக்ஸ்பாக்ஸை ப்ளூடூத்தில் இணைக்கும்போது தகராறு செய்தால் எக்ஸ்பேட்நியோ என்ற டிரைவர் உதவும். மேக்கில் 2019இன் கேட்டலினா பதிப்பிலிருந்து டூயல்ஷாக் 4ம் ப்ளூடூத் உள்ள எக்ஸ்பாக்ஸும் நேரடியாக வேலை செய்கின்றன.

பழைய கண்ட்ரோலர் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

லேப்டாப்பையும் தகவல் போகும் கேபிளையும் எடுத்துக்கொண்டு போங்கள். சோதனைத் திரையில் ஒவ்வொரு ஸ்டிக்கையும் ஓரத்துக்குத் தள்ளிச் சட்டென்று விடுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நடுவுக்கு வர வேண்டும். பிறகு ஓரத்தோடு மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். எங்காவது குறி துள்ளினால் கரிப்பூச்சு தேய்ந்திருக்கிறது. கேபிள் செருகிய இடத்தில் லேசாக ஆட்டிப் பாருங்கள். டூயல்ஷாக் 4 என்றால் பேட்டரியை நம்பாதீர்கள், விலையில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கணினியில் ஆடி முடித்தபின் கன்சோலோடு மறுபடி சேர மறுக்கிறது.

பிளேஸ்டேஷன் கண்ட்ரோலரைக் கன்சோலில் கேபிளால் செருகி பிஎஸ் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். பழைய உறவு திரும்பிவிடும். அப்போதும் வரவில்லையென்றால் முதுகுப்பக்கம் ஒரு ஊசித்துளை இருக்கும். கன்சோலை அணைத்துவிட்டு, ஊசியால் அந்தத் துளைக்குள் ஐந்து நொடி அழுத்திப் பிடித்தபின் மறுபடி கேபிளில் இணையுங்கள். புதிய எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர் ஒரு கன்சோலையும் ஒரு ப்ளூடூத் கருவியையும் நினைவில் வைத்திருக்கும். மேல் விளிம்பிலுள்ள இணைப்புப் பட்டனை இருமுறை தட்டினால் ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவிவிடும். தாவவில்லையென்றால் எக்ஸ்பாக்ஸ் அக்சஸரீஸ் செயலியில் அப்டேட் காத்திருக்கிறதா என்று பாருங்கள்.